கணக்கும் காலமும்: பொதுப்பணத்தின் வகைகூறல் பற்றிய ஒரு நோக்கு

பொதுப்பணத்தைக் கையாள்வோர் அதற்குக் கணக்குக் காட்டுதல் வேண்டும் என்பதை மறுப்பார் எவருமிலர். அக்கணக்கினை எக்காலத்துள் காட்டுதல் வேண்டும் என்ற வினா எழும்போதே சிக்கல் தோன்றுகின்றது. திணைக்களக் கணக்குகள் காலந்தாழ்த்தி வெளிவருதலை, ஆளணிக் குறைவாலும் அலுவலக நடைமுறைகளாலும் நேரும் ஒரு சிறு குறையாகக் கொள்ளும் மனப்பாங்கு ஆட்சியாளரிடத்து மட்டுமன்றிக் கற்றோரிடத்தும் வேரூன்றியுள்ளது. எண்கள் சரியாயிருப்பின் போதும், கணக்கு எப்போதாவது வந்துசேரின் போதும் என்பதே இம்மனப்பாங்கின் சாரமாகும். இக்கருத்து எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதே இங்கு ஆராயப்படுகின்றது. பருத்தித்துறையையும் அதனைச் சார்ந்த வடமராட்சிக் கரையோரத்தையும் களமாகக் கொண்டு நோக்குமிடத்து, காலம் என்பது கணக்கின் பயனைத் தீர்மானிக்கும் உள்ளுறுப்பு என்பது தெளிவாகும்.

வடமராட்சிக் கிராமங்களுக்கு இவ்வுண்மை புதியதன்று. சனசமூக நிலையமாயினும், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமாயினும், கோயிற் பரிபாலன சபையாயினும் அதன் ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்கு ஓர் ஒழுங்கு உண்டு. சென்ற கூட்ட அறிக்கை வாசிக்கப்படும். செயலாளர் ஆண்டறிக்கையைச் சமர்ப்பிப்பார். பொருளாளர் வரவு செலவுக் கணக்கினை வாசிப்பார். சபை அதனை ஏற்றபின்னரே புதிய நிருவாகத் தெரிவு நடைபெறும். பந்தற் செலவிலோ வாசிகசாலைப் பத்திரிகைச் செலவிலோ சில ரூபா பொருந்தாதுவிடின் கூட்டம் இரவு நெடுநேரம் நீளுவதுமுண்டு. வெளியார் இதனைச் சிறுமையெனக் கருதி நகைத்தல் கூடும். ஆயின், கணக்கு முந்தியது, தெரிவு பிந்தியது என்னும் இவ்வரிசையில் ஆழ்ந்த அரசியற் கருத்தொன்று அடங்கியுள்ளது. கணக்கு வாசிக்கப்படும் வேளையில் பணத்தைக் கொடுத்தவரும் அதனைச் செலவிட்டவரும் ஒரே மண்டபத்தில் இருக்கின்றனர். வாங்கிய பொருள் கண்முன்னே நிற்கின்றது. விடை திருப்தி தராவிடின் அதற்கேற்ற முடிபினை அன்றே எடுக்கும் அதிகாரம் சபையிடம் இருக்கின்றது. கேட்பவர், விடையளிப்பவர், சான்று, தீர்ப்பு ஆகிய நான்கும் ஒருங்கு கூடும்போதே வகைகூறல் என்பது நிகழ்கின்றது எனலாம். இவற்றுள் ஒன்று நீங்கினும் எஞ்சுவது ஏட்டுக்கணக்கே.

இவ்வரிசைமுறை தமிழர் ஆட்சி மரபில் நெடுங்காலமாக அறியப்பட்டதாகும். பொருளை ஈட்டுதல், காத்தல், வகுத்தல் ஆகியவற்றைத் திருக்குறள் அரசின் ஆற்றல்களாகக் கூறும். ஆற்றலைக் கூறுதல் ஒன்று. அவ்வாற்றல் முறையாகப் பயன்பட்டதா எனக் கண்டறியும் வழியைக் கூறுதல் பிறிதொன்று. அவ்வழியை விரிவாகக் காட்டும் சான்றாக முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் அமைகின்றன. கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்குரிய இக்கல்வெட்டுகள் ஏரி, தோட்டம் முதலியவற்றுக்கான வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தெரிவுசெய்யும் விதிகளைக் கூறுகின்றன. முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தவர் மீண்டும் குடவோலைக்கு உரியவரல்லர் என்பதும், அவருடைய நெருங்கிய உறவினரும் அவ்வாறே விலக்கப்படுவர் என்பதும் அவ்விதிகளுட் சிலவாகும். இங்கு இரு செய்திகள் மனங்கொளத்தக்கவை. முதலாவது, களவு நிரூபிக்கப்படுதல் வேண்டும் என்று அவ்விதி காத்திருக்கவில்லை. கணக்குக் காட்டாமையையே குற்றமாகக் கொண்டது. இரண்டாவது, அடுத்த தெரிவு நாளே கணக்கிற்குரிய இறுதி எல்லையாக அமைந்தது. இதனைக் கொண்டு பண்டைத் தமிழகத்தில் முழுமையான மக்களாட்சி நிலவியது என வியந்துரைத்தல் பொருந்தாது. அது பிராமணக் குடியிருப்பொன்றின் சபை. நிலமும் வீடும் கல்வியும் உடைய ஆடவர்க்கே அதில் இடமிருந்தது. எனினும், பொதுப்பொருளைக் கையாள்வோர்க்குக் கால எல்லை வகுத்தல் மேலைநாட்டார் வரவால் விளைந்த புதுமை என்போர் இக்கல்வெட்டுகளை ஊன்றி நோக்குதல் வேண்டும்.

நவீன அரசு இம்முறையைப் பேரளவில் விரித்துக்கொண்டது. இலங்கைக் கணக்காய்வாளர் தலைமை அதிபதி திணைக்களம் தன் தோற்றத்தை 1799ஆம் ஆண்டிலிருந்து கணக்கிட்டு வந்தது. பிரித்தானியாவில் 1861இல் கிளாட்ஸ்டனின் முயற்சியால் பொதுக்கணக்குக் குழு தோன்றியது. 1866ஆம் ஆண்டுச் சட்டம் திணைக்களக் கணக்குகளைப் பாராளுமன்றத்திற்கு ஆண்டுதோறும் சமர்ப்பிக்கும் முறையை நிலைநாட்டியது. அதன் வழியில் இலங்கைச் சட்டநிரூபண சபையிலும் 1921இல் அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு அமைந்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை பொதுநிதி மீதான முழுக் கட்டுப்பாட்டையும் பாராளுமன்றத்திற்கு உரியதாக்கியது. 154ஆம் உறுப்புரை அரசாங்கத் திணைக்களங்களையும் உள்ளூராட்சி மன்றங்களையும் கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் ஆய்வுக்கு உட்படுத்தி, நிதியாண்டு முடிவுற்றுப் பத்து மாதங்களுள் அவர் பாராளுமன்றத்திற்கு அறிக்கை சமர்ப்பித்தல் வேண்டும் என விதித்தது. ஆகவே பருத்தித்துறை நகரசபை ஒழுங்கையொன்றுக்கு இட்ட தாருக்கும், கொழும்பு அமைச்சொன்று வாங்கிய வாகனத்திற்கும் ஒரே ஆய்வாளரே உரியவர். இது சிறந்த ஏற்பாடே.

ஆயினும் இவ்வேற்பாட்டின் காலக்கணக்கை நோக்குதல் வேண்டும். சனவரியிற் செலவான பணம் பற்றிய செய்தி, சட்டம் சிறிதும் மீறப்படாத நிலையிலேயே, அடுத்த ஆண்டு ஒக்டோபரில், அதாவது இருபத்திரண்டு மாதங்களின் பின், பாராளுமன்றத்தை அடைதல் கூடும். அதன் பின்னர் குழு அதனை ஆராய்தல் வேண்டும்; பிரதம கணக்கீட்டு உத்தியோகத்தர் அழைக்கப்படுதல் வேண்டும்; குழுவின் அறிக்கை வெளிவருதல் வேண்டும். திணைக்களம் தன் கணக்கினை உரிய நாளிற் கொடாதுவிடின் இச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் பின்தள்ளப்படும். சட்டம் அலுவலகத்திற்கும் அலுவலகத்திற்கும் இடையே நாள் குறித்துள்ளது. பணம் செலவான ஊரிலுள்ளார் அதனை எந்நாளில் அறிவர் என்பதற்கு அதில் விடையில்லை. இவ்விடைவெளியின் பொருளை விளங்கிக்கொள்ள, வடமராட்சி மக்கள் தம் வாழ்நாளில் மறக்கவியலாத நிகழ்வொன்றையே எடுத்துக்கொள்ளலாம்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி எழுந்த கடற்கோள் இலங்கையில் 30,000க்கு மேற்பட்டோரின் உயிரைக் கவர்ந்தது. பருத்தித்துறைக் கரையிலிருந்து மணற்காடு, உடுத்துறை வரை நீளும் கடற்றொழிற் கிராமங்கள் பேரழிவைக் கண்டன. பாதிக்கப்பட்டோர்க்கு அரசு வகுத்த உதவிகள் எண்களால் ஆனவை. இறந்தோரின் ஈமச்செலவிற்கு 15,000 ரூபா. சமையற் பாத்திரங்களுக்கு 2,500 ரூபா. குடும்பமொன்றிற்கு மாதக் கொடுப்பனவாக 5,000 ரூபா. முற்றாக அழிந்த வீட்டிற்கு 2,50,000 ரூபா. பகுதியளவிற் சேதமுற்றதற்கு 1,00,000 ரூபா. மீளக் கட்டுதல் தடுக்கப்பட்ட கரையோர வலயம் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர் எனவும் வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் எனவும் முதலில் வகுக்கப்பட்டது. இவ்வெண்கள் ஒவ்வொன்றும் அயலவரால் எளிதிற் சரிபார்க்கப்படத்தக்கவை. எவர் வீடு முற்றாக அழிந்தது, எவர் வள்ளம் கரையில் உடைந்தது என்பதனை அறிய ஊரார்க்குக் கணக்காளர் தேவையில்லை. கொடுப்பனவுப் பட்டியல் கிராம அலுவலர் பிரிவு தோறும் உரிய வேளையிற் பகிரங்கமாக வைக்கப்படுமாயின், எந்தக் கணக்காய்வாளரும் செய்யவியலாத ஆய்வினை அவ்வூரார் ஒரு நாளிற் செய்து முடித்திருப்பர்.

இவ்விடயத்தில் அரச கணக்காய்வு ஒருமுறை தன் கடமையை உரிய காலத்திற் செய்தது என்பதைக் கூறாதுவிடுதல் நீதியாகாது. அப்போதைய கணக்காய்வாளர் தலைமை அதிபதி எஸ். சி. மாயாதுன்ன, 2005 யூன் 30ஆம் திகதி வரையிலான நிவாரண, புனரமைப்புப் பணிகளை ஆராய்ந்து, அவ்வாண்டு செப்டெம்பரில் இடைக்கால அறிக்கையொன்றை வெளியிட்டார். வாக்களிக்கப்பட்ட வெளிநாட்டு உதவியில் சிறியதொரு பங்கே அதுவரை பயன்பட்டிருந்தமையையும், பாதிப்புறாதோர்க்கும் கொடுப்பனவுகள் சென்றிருந்தமையையும் அது சுட்டியது. மக்கள் கூடாரங்களில் வாழ்ந்துகொண்டிருந்தபோதே, திட்டங்களைத் திருத்துதற்கு வாய்ப்பிருந்தபோதே அது வெளிவந்தமையால் நாடெங்கும் பேசப்பட்டது. அரசியலமைப்பு அளித்த பத்து மாத எல்லைக்குக் காத்திராது, தேவையெனக் கருதும்போது அறிக்கையிடலாம் என்ற அதன் மற்றோர் ஏற்பாடு எத்துணைப் பயனுடையது என்பதை அவ்வறிக்கை காட்டியது. பேரிடரின் நடுவே கணக்குப் பார்த்தல் இயலாது என்போர்க்கு இதனினும் சிறந்த மறுமொழி இல்லை.

அதன் பின் நிகழ்ந்தது வேறு கதை. 2005 யூன் 24ஆம் திகதி அரசும் விடுதலைப் புலிகளும் கைச்சாத்திட்ட கடற்கோளுக்குப் பிந்திய பொதுக்கட்டமைப்பின் முக்கிய ஏற்பாடுகளை, குறிப்பாகப் பிராந்திய நிதியம் பற்றியவற்றை, உயர்நீதிமன்றம் யூலை 15ஆம் திகதி இடைநிறுத்தியது. பொதுநிதி அரசியலமைப்பின் கணக்குமுறைக்கு வெளியே செல்லலாகாது என்னும் கருத்து அரசியற் சார்பு எதுவாயினும் மதிக்கத்தக்கதே. ஆனால் அக்கருத்தை ஏற்போர் அதன் மறுபக்கத்தையும் ஏற்றல் வேண்டும். பணம் முழுவதும் அரசின் கணக்கினுள்ளேயே நிற்றல் வேண்டுமெனின், அக்கணக்கினை வடக்குக் கிழக்குக் கரையோர மக்கள் முன் உரிய காலத்தில் வைக்கும் பொறுப்பும் அரசினுடையதே ஆகும். இடைக்கால அறிக்கையைத் தொடர்ந்து வந்திருக்கவேண்டிய முழுமையான கணக்கு அவ்வாறு வைக்கப்படவில்லை. 2007 டிசெம்பரில், ஏறத்தாழ 47 கோடி அமெரிக்க டொலர் எவ்வாறு பயன்பட்டது என்பதற்குத் தெளிவான சான்றில்லை எனக் கூறி, ட்ரான்ஸ்பேரன்சி இன்டர்நெஷனல் ஸ்ரீலங்கா நிறுவனம் முழுக் கணக்காய்வினைக் கோரியது. சான்றில்லை என்பது களவுபோயிற்று என்பதாகாது. பணம் முறையாகச் செலவாகியும் இருக்கலாம். ஆயின் கணக்கில்லாவிடத்து நேர்மையாகப் பணியாற்றிய உத்தியோகத்தரும் கையாடியவரும் ஒரே ஐயத்தின் கீழ் நிற்க நேர்கின்றது. காலந்தாழ்த்தலின் முதற் பலி நேர்மையாளரின் நற்பெயரே என்பதைக் கணக்கு வெளியீட்டிற்கு அஞ்சுவோர் எண்ணிப் பார்ப்பதில்லை.

முன்னர்க் கூறிய நான்கு உறுப்புகளையும் இங்குப் பொருத்தி நோக்கலாம். 2006 ஓகஸ்டில் போர் மீண்டும் மூண்டது; ஏ-9 பாதை மூடப்பட்டது; வடமராட்சி கிழக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். கேட்பவர் ஊரில் இல்லை. உத்தியோகத்தர் இடமாற்றத்தாலும் ஓய்வாலும் வேறிடம் சென்றனர், விடையளிப்பவரும் இல்லை. எழுந்த வீட்டையும் கிடைத்த வள்ளத்தையும் சான்றாகக் காட்டும் வாய்ப்பு 2009 வரை நீண்ட போரினாற் பலர்க்கு இல்லாது போயிற்று. போர் முடிந்து மக்கள் மீண்டபோது, முந்திய பேரிடரின் கணக்கைக் கேட்பதற்குப் பிந்திய பேரிடர் இடமளிக்கவில்லை. தீர்ப்பும் இல்லாதொழிந்தது. ஓராண்டிற்குள் எளிதில் விடைகாணத்தக்க வினா, ஐந்தாண்டுகளின் பின் விடையற்றதாகின்றது. அதனை மறைத்தற்கு எவரும் முயன்றிருக்க வேண்டிய தேவையில்லை. காலம் தானே மறைத்துவிடுகின்றது.

இக்கரையோரத்தின் இன்னலை மிகுவித்த பிறிதொரு காரணமும் உண்டு. 1981ஆம் ஆண்டுக்குப் பின் 2012இலேயே இலங்கை முழுவதற்குமான குடிசன மதிப்பீடு நடைபெற்றது. 2001ஆம் ஆண்டு மதிப்பீடு 18 மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக நிகழ்ந்தது. யாழ்ப்பாணம் அவற்றுள் அடங்கவில்லை. எனவே கடற்கோளின்போது கரையில் எத்தனை பேர் வாழ்ந்தனர் என்பதே மதிப்பீட்டளவில் நின்றது. தொகையறியாத இடத்தில் பங்கீடு சரியா என அறிதல் எங்ஙனம்? பருத்தித்துறை அபிவிருத்தி நிறுவகத்தைச் சேர்ந்த முத்துக்கிருஷ்ண சர்வானந்தன், மோதற் பிரதேசத்தின் பொருளாதாரம் பற்றி 2007இல் வெளியிட்ட ஆய்வு போன்ற முயற்சிகள் இச்சூழலிலேயே எழுந்தன. அரசு ஆண்டுதோறும் தொகுத்து வெளியிட வேண்டியவற்றை ஆய்வாளர் சிதறிய மூலங்களிலிருந்து தேடித் தொகுக்க நேர்தல் ஆய்வாளரின் திறமைக்குச் சான்றாகலாம். அரசின் முறைமைக்குச் சான்றாகாது.

போர்க்காலத்தை விதிவிலக்காகக் கொள்ளலாம் என வாதிடுவோர் அதற்குப் பிந்திய காலத்தையும் நோக்குதல் வேண்டும். 2018 பெப்ரவரியிற் தெரிவான உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிவுற்றது. அம்மாதம் நடைபெறவேண்டிய தேர்தல் நிதியின்மையைக் காரணங்காட்டித் தள்ளிவைக்கப்பட்டது. அது அடிப்படை உரிமை மீறல் என 2024 ஓகஸ்டில் உயர்நீதிமன்றம் தீர்த்தது. தேர்தல் 2025 மே 6ஆம் திகதியே நிகழ்ந்தது. ஈராண்டுகளுக்கு மேலாகப் பருத்தித்துறை நகரசபை உள்ளிட்ட மன்றங்கள் தெரிவான உறுப்பினரின்றி உத்தியோகத்தரால் நடத்தப்பட்டன. 2013இல் தெரிவான வட மாகாண சபையின் காலமும் 2018 ஒக்டோபரில் முடிந்து, பின் ஆண்டுக்கணக்கில் தேர்தலின்றிக் கழிந்தது. அக்காலங்களிலும் கணக்குகள் எழுதப்பட்டன, கணக்காய்வும் நடைபெற்றது. ஆனால் அவ்வறிக்கையை மேசையில் வைத்து வினாவுவதற்குரிய சபை இல்லை. சபை மீண்டும் கூடியபோது அதன் முன் வந்தது பிறர் செய்த செலவின் கணக்கு. உத்தரமேரூரார் கணக்கையும் தெரிவையும் ஏன் பிணைத்தனர் என்பது இங்கு விளங்குகின்றது.

இனி, வெளிவரும் கணக்கின் மொழியையும் நோக்குதல் தகும். திணைக்கள ஒதுக்கீட்டுக் கணக்குகளில் ஒதுக்கப்பட்டுச் செலவிடப்படாத தொகை சேமிப்பு என்னும் தலைப்பின் கீழ் வரும். தமிழ் வழக்கில் சேமிப்பு என்பது நற்பண்பு. தேவைகள் நிறைந்தபின் எஞ்சியதை எதிர்காலத்திற்கென வைத்தல். வீடற்றோர்க்கு வீடமைக்க ஒதுக்கிய பணம் ஆண்டிறுதியிற் செலவாகாது திறைசேரிக்கு மீளுதலை அதே சொல்லாற் குறிப்பது, நிறைவேறாத கடமைக்கு நற்பெயர் சூட்டுவதாகும். கணக்காய்வு அறிக்கைகளின் தமிழில் அவதானிக்கப்பட்டது, செலுத்தப்பட்டிருந்தது, பெறப்பட்டிருக்கவில்லை என்றவாறு வினைகள் செயப்பாட்டு வடிவிலேயே தொடர்கின்றன. அவ்வாக்கியங்களில் வினை உண்டு, வினைமுதல் இல்லை. செய்தவரைக் காணவியலாத வாக்கியத்தைக் கொண்டு செய்தவரிடம் வகை கேட்டல் அரிது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அதனால் தமிழ் வடிவம் வேற்றுமொழி மூலத்தின் நிழலாக, பிந்திய நாளில் வருதல் போதாது. மூன்று மொழிகளிலும் ஒரே நாளில், வாசிப்போர்க்கு விளங்கும் நடையில் வருதலே அத்திருத்தத்தின் கருத்திற்கு இசைவாகும். இதில் தமிழ் பயின்றோர்க்கும் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளுக்கும் உரிய பணி உண்டு. சமய, இலக்கிய நூல்களுக்கு உரைகண்ட மரபு ஆட்சித்தமிழைக் கவனியாது விட்டமை ஒரு குறைபாடே.

எதிர்வாதங்களையும் எடைபோடுதல் முறையாகும். கணக்காய்வின் அச்சத்தாலேயே உத்தியோகத்தர் முடிவெடுக்கத் தயங்குகின்றனர், கணக்கை மேலும் இறுக்கினால் வேலை நடவாது என்பது ஒன்று. இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் உத்தியோகத்தர் அஞ்சுவது பெரும்பாலும் பிந்தி வரும் வினாவிற்கே. கோப்பு எங்குள்ளது என்று தெரியாத நிலையில், உடனிருந்தோர் பிரிந்துபோன பின்னர், ஆறாண்டுகளுக்கு முந்திய பற்றுச்சீட்டிற்கு விளக்கம் கேட்கப்படுதலே கொடுமையானது. அதே வினா ஆறு மாதத்தில் வருமாயின் விடையும் எளிது, திருத்தமும் எளிது. விரைந்து வெளியிடின் பிழைகள் மலியும் என்பது மற்றொன்று. இடைக்காலக் கணக்கு என்று பெயரிட்டு வெளியிட்டுப் பின் திருத்துதல் இதற்கு வழியாகும். 2005ஆம் ஆண்டு அறிக்கை அவ்வாறானதே. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்ற பழமொழியின்படி, அளவு போடும்போதே நிகழ்தல் வேண்டும். ஆற்றோடு போனபின் அளத்தல் இயலாது.

சட்டங்கள் இல்லாமையாற் குறை நேர்கின்றது எனவும் கூறவியலாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. ஒதுக்கிய நிதி, உத்தேச செலவு, வழங்கிய தொகை ஆகியவற்றை அரையாண்டுக்கு ஒருமுறை கேளாமலே வெளியிடுதலையும், 5,00,000 ரூபாவுக்கு மேற்பட்ட உள்நாட்டு நிதித் திட்டங்கள் பற்றித் தொடங்குமுன்னரே மக்களுக்கு அறிவித்தலையும் அது வேண்டி நிற்கின்றது. 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம், முறைகேட்டால் நேர்ந்த இழப்பினை உரியவரிடம் மிகைக்கட்டணமாக அறவிட வழி செய்தது. 2022 ஏப்பிரலில் நாடு வெளிநாட்டுக் கடன் செலுத்துதலை நிறுத்திய பின்னர், சர்வதேச நாணய நிதியம் 2023இல் வெளியிட்ட ஆளுகை பற்றிய ஆய்வும் கொள்வனவு ஒப்பந்தங்களையும் வரிச்சலுகைகளையும் ஒழுங்காகப் பகிரங்கப்படுத்துமாறு கோரியது. 2024இல் 44ஆம் இலக்கப் பொது நிதி முகாமைத்துவச் சட்டம் இயற்றப்பட்டது. ஊர் மக்கள் நெடுங்காலம் கேட்டதைக் கடன்கொடுத்தோர் கேட்டபோதே ஆட்சியாளர் செவிசாய்த்தனர் என்பது வருந்தத்தக்கது.

சட்டம் உயிர்பெறும் இடம் மக்கள் கூடும் மண்டபமே. இந்தியாவில் இராசஸ்தான் மாநிலத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் உழைப்பாளர் அமைப்பு 1994ஆம் ஆண்டு முதல் ஊர்தோறும் மக்கள் விசாரணைகளை நடத்தியது. பொதுவேலைக் கூலிப் பட்டியல்கள் உரத்து வாசிக்கப்பட்டன. பெயர் கூறப்பட்டவர் எழுந்து தாம் அக்கூலி பெற்றதுண்டா இல்லையா எனச் சொன்னார். அவ்வியக்கம் 2005ஆம் ஆண்டின் இந்தியத் தகவல் உரிமைச் சட்டத்திற்கு வழிகோலியது. எழுத்தறியாதோரும் கணக்காய்வாளராதல் கூடும், உரிய காலத்தில், உரிய மொழியில், உரிய இடத்தில் கணக்கு வாசிக்கப்படின் என்பதே அங்கு கண்ட பாடம்.

வடமராட்சிக்கு இப்பாடம் வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. சனசமூக நிலையத்தின் சிறு கட்டடத்தில் ஆண்டுதோறும் அது நிகழ்கின்றது. பொருளாளரிடம் சில ரூபாவிற்குக் கணக்குக் கேட்கும் அதே மனிதர், நகரசபையிடமோ பிரதேச செயலகத்திடமோ திணைக்களத்திடமோ கோடிக்கணக்கான ரூபாவிற்குக் கணக்குக் கேளாதிருத்தலே வியப்பிற்குரியது. முன்னது தம் பணம், பின்னது அரசின் பணம் என்ற எண்ணமே அதற்குக் காரணமாகலாம். உப்பு முதல் எரிபொருள் வரை வாங்கும் ஒவ்வொன்றிலும் வரி செலுத்தும் மக்கள் அவ்வெண்ணத்தைக் கைவிடும்போது, கணக்கு எப்போது வரும் என்ற வினா ஊர்க்கூட்டங்களிலும் எழும். கடற்கோளின் முழுக் கணக்கை இனிப் பெறுதல் அரிதாகலாம். அடுத்த புயலுக்கோ வெள்ளத்திற்கோ வரும் உதவியின் கணக்கு, பாதிக்கப்பட்டோர் ஊரில் இருக்கும்போதே, அவர்தம் மொழியில், அவர் முன்னிலையில் வாசிக்கப்படுமா என்பது இவ்வினாவை இன்று எழுப்புவோரைப் பொறுத்ததாகும்.